பீரோவுக்குள் வைத்த ரவுட்டர்

தீவுத் தலைநகரின் பத்துபஸ்தியில் யோகராஜின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது பாலித்தீன் உறைகளைத்தான். டிவி ரிமோட்டுக்கு ஒரு உறை, லேண்ட்லைன் போனுக்கு ஒரு உறை, சுவர்க் கடிகாரத்துக்குக்கூட ஒரு உறை. மணி பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்துதான் பார்க்க வேண்டும்.

ஹேடோ துறைமுகத்தில் அவர் கிடங்குக் காவலர். சென்னை மாதிரி மெயின்லேண்ட் ஊர்களிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சிமெண்ட் மூட்டை ஒன்றுகூட அவர் பொறுப்பில் நனைந்ததில்லை. அதற்கு முன்னால் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்த அவருடைய பெற்றோரை அங்கேதான் குடியமர்த்தியிருந்தார்கள். சுனாமி வந்து போன பிறகு வீடு இருந்த இடமே தெரியவில்லை. அந்த வீட்டின் சாவி மட்டும் அவர் இடுப்பில் பத்திரமாக இருந்தது. அன்றிலிருந்து எதைக் கண்டாலும் மூடுவார், கட்டுவார், பூட்டுவார்.

இந்தத் தீவுகளில் வருடத்தில் பாதிக்கு மேல் மழை. துணியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, இரும்பு பீரோவுக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பை எப்போதும் எரியவிடுவது பல வீடுகளில் வழக்கம். யோகராஜும் பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு வயரை உள்ளே இழுத்திருந்தார். மனைவி ராணியின் சேலைகள், மகள் தமிழரசியின் சான்றிதழ்கள், டார்ச் லைட், கேமரா எல்லாம் அந்த வெதுவெதுப்பில்தான் வாழ்ந்தன.

2013 ஜூலையில் அந்த வீட்டுக்கு ரவுட்டர் வந்தது. பிளஸ் டூ முடித்த தமிழரசி, சென்னையில் ஒரு நர்சிங் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியோடு கடைசி. பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டரில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

இணைப்பு கொடுக்க மகேஷ்குமார் வந்தான். ரவுட்டரை ஜன்னலோர மேசையில் வைத்து, லேப்டாப்பில் பாஸ்வேர்டு போட்டுக் காட்டினான். உடனே ஓடியது. "சப் டீக் ஹை அண்ணே, எல்லாம் சரியா ஓடுது. இத மட்டும் இடம் மாத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

யோகராஜ் ஒரு மணி நேரம் பொறுத்தார். ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஈரம் படர்ந்திருந்தது. புத்தம் புதிய பெட்டி, பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு அந்த ஈரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எடுத்து பீரோவுக்குள் வைத்து, ஓட்டை வழியாக வயரை விட்டு, கதவைச் சாத்தினார்.

லேப்டாப்பில் இணைப்பு நின்றுபோனது.

மறுநாள் காலையில் மகேஷ்குமார் வருவதாகச் சொன்னதும், யோகராஜ் ரவுட்டரை எடுத்து மேசையில் பழைய இடத்திலேயே, பழைய கோணத்திலேயே வைத்தார். ராணி வாயைத் திறக்கப் போனாள், கண்ணால் அடக்கினார். தமிழரசி தினமும் காலையிலேயே பஜார் வரிசையில் நிற்கப் போய்விடுவாள். மகேஷ்குமார் பார்த்தபோது எல்லாம் ஓடியது. இடம் மாற்றினீர்களா என்று கேட்டதற்கு, யாரும் கையே வைக்கவில்லை என்றார் யோகராஜ். அவன் போனான். பெட்டி பீரோவுக்குப் போனது. லேப்டாப்பில் இணைப்பு மறுபடியும் நின்றது.

அடுத்த தடவை அவன் நெட்வொர்க்கை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தான். அதற்கடுத்த தடவை குண்டூசியால் ரவுட்டரின் பின்னால் குத்தி ரீசெட் செய்தான், பாஸ்வேர்டை மாற்றினான், வயரையும் மாற்றினான். அவன் இருக்கும்வரை ஓடியது. ஆளைப் பார்த்தால் ஓடுகிற மிஷினை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தலையைச் சொறிந்தபடி கிளம்பினான். யோகராஜுக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. ஒரு பொருளைக் காயவைத்துப் பாதுகாத்தால் அது எப்படிக் கெடும்? கோளாறு லேப்டாப்பில்தான் என்று அவர் முடிவே செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. வெளியே அடைமழை. திரையில் சிக்னல் கோடு ஒன்றே ஒன்று வந்து வந்து மறைந்துகொண்டிருந்தது. தமிழரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மதிப்பெண் பட்டியலை எடுக்க பீரோவைத் திறந்தாள்.

லேப்டாப் டிங் என்றது. இணைப்பு முழுசாக வந்திருந்தது.

பட்டியலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். போய்விட்டது. திறந்தாள், வந்தது. சாத்தினாள், போனது. நான்கு தடவை செய்து பார்த்துவிட்டு, ரொம்ப அமைதியான குரலில் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"மகேஷ் அண்ணன் வந்தப்பெல்லாம் இது எங்கப்பா இருந்துச்சு?"

யோகராஜ் தொண்டையைச் செருமினார். "மேசையில."

"அவரு போன பொறகு?"

ராணிதான் சொன்னாள்: "அந்த பல்பு வெளிச்சமே வெளிய வராத பீரோ. இது மட்டும் எப்புடி வரும்? நானும் கேக்கணும்னு பாத்தேன், எங்கிட்ட கண்ண உருட்டுனாரு."

ரவுட்டரை வெளியே எடுக்க வயரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் மழை நேரத்தில் லைன் திரும்பி வர அரைமணி ஆகலாம், வராமலும் போகலாம். பீரோ கதவோ திறந்தபடி நிற்காது. தரை சரிவு, தானாகச் சாத்திக்கொள்ளும். நாற்காலியை முட்டுக் கொடுக்கலாம் என்றாள் ராணி. கதவில் கீறல் விழும் என்றார் யோகராஜ். சொன்னவரே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஸ்வப்னா எட்டிப் பார்த்தாள். திறந்த பீரோவை மேலும் கீழும் நோட்டம் விட்டவள், நடுத்தட்டில் கண்ணை நிறுத்தினாள். "ராணி தீதி, அந்தப் பச்ச சேல என்னோடதுல்ல? கிடைக்கலன்னு சொன்னீங்க?" ராணி அவசரமாக டீ போடப் போனாள்.

மூன்றே முக்கால். பக்கம் மெதுவாக நகர்ந்தது. பல்பின் சூடு யோகராஜின் முழங்கையில் பட்டது. சேலைகளுக்குள் ஈரக்காற்று போவது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. கையை எடுத்தால் போதும். கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை மூன்று நாள் கப்பல் தூரத்துக்குப் போகாமல், இந்த வீட்டிலேயே பத்திரமாக இருப்பாள்.

அவர் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"அசையாதீங்கப்பா. போட்டோ ஏறுது."

"நான் எங்கடி அசையறேன்."

நான்கு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது திரையில் விண்ணப்ப எண் வந்தது. தமிழரசி நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். "போயிருச்சுப்பா. கதவ விட்டுருங்க."

அவர் விடவில்லை. "நம்பர எழுதிக்கிட்டியா?"

எழுதினாள். இன்னொரு தாளிலும் எழுதச் சொன்னார். அதையும் எழுதினாள். இரண்டு தாளையும் வாங்கி, எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று உதட்டை அசைத்துப் படித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கதவிலிருந்து கையை எடுத்தார்.