சூடம் காட்டிய பேட்டரி

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பேட்டரிகளுக்கு சார்ஜ் போட ஓர் அறை உண்டு. அதன் வாசலில் தொங்கும் ‘நெருப்பு கூடாது’ பலகையை ஆணியடித்து மாட்டியவன் நான். அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வரும் வாயு, ஒரு பொறி பட்டாலே வெடிக்கும் என்று புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்லித் தருபவனும் நான்தான். ஆயுத பூஜையன்று சூடத் தட்டோடு அந்தப் பக்கம் வருகிறவர்களை வருடா வருடம் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் எனக்காகச் சாக்குச் சொல்ல வேண்டாம்.

என் மகளுக்கு இருபத்தாறு வயது. வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலில் நசுங்கிக்கொண்டு சென்னை அலுவலகத்துக்குப் போய்வந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும், அந்த வீடு ஏன் வேப்பம்பட்டிலேயே இருக்க வேண்டும் என்று கேட்டாள். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிக் களைத்துப்போன ஒரு வேனை வாங்கினாள். இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு ஒரு கட்டில், சின்ன ஃபிரிட்ஜ், மின்விசிறி, தண்ணீர் டாங்க் எல்லாம் வைத்தாள். ஊர் ஊராகப் போய் வேனிலேயே தங்கி வேலை பார்ப்பதாகத் திட்டம். தனியாக. அந்த ஒரு சொல்லில் என் தூக்கம் போயிற்று. போகாதே என்று சொல்லும் தைரியம் இல்லை. அதனால் பேட்டரி விஷயத்தில் தலையிட்டேன்.

அவள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். லேப்டாப்புக்கு இவ்வளவு மின்சாரம், ஃபிரிட்ஜுக்கு இவ்வளவு, மழை நாளில் எவ்வளவு மிஞ்சும் என்று. கூரைமேல் இருநூறு வாட் சோலார் பேனல் இரண்டு, கீழே லித்தியம் பேட்டரி ஒன்று. பன்னிரண்டு கிலோதான் எடை, தண்ணீர் ஊற்ற வேண்டாம், வாயு வராது. எனக்கோ லித்தியம் என்றாலே, கைப்பேசியில் பார்த்த, நடுரோட்டில் நின்று எரியும் ஸ்கூட்டர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

“அது வேற லித்தியம்ப்பா. இது அவ்ளோ சீக்கிரம் பத்திக்காது.”

“உனுக்கு இன்னா தெரியும்? இருபத்தஞ்சு வருஷமா பேட்டரியோட மாரடிச்சிக்கினு இருக்கறது நானு.”

“ஃபோர்க்லிஃப்ட்ல யாரும் படுத்துத் தூங்கறதில்லப்பா.”

அப்படியும் நான் விடவில்லை. எனக்குப் பழக்கமான, புதுவாயல் ஜங்ஷனில் இருக்கும் இன்வெர்ட்டர் கடைக்கு அவளை அழைத்துப் போனேன். கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார்.

“இன்னா பாப்பா, வேன்லயே குடித்தனமா? நாளைக்கு மாப்ள வந்தா எடம் பத்துமா?”

“எங்கப்பா சொல்ற பேட்டரிய வெச்சா எனக்கே எடம் பத்தாதுண்ணா.”

அவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “லித்தியம்லாம் பேஜாரு சார். ஊட்டுக்கு ஊடு இன்வெர்ட்டர்ல இன்னா ஓடுது? டியூபுலர்தானே? தண்ணி ஊத்தினியா, போய்க்கினே இருக்கும்.”

எனக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கிற அந்த டியூபுலர் அமில பேட்டரியை மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இத வாங்கினா நீங்க நிம்மதியாத் தூங்குவீங்களா?”

“தூங்குவேன்மா.”

“அப்ப வாங்குங்க. ஆனா கட்டிலுக்குக் கீழ மூடின பெட்டியில இருக்கப் போவுது. வாயு வெளிய போறதுக்கு ஓட்டை போட்டு டியூப் விட்டே ஆவணும்.”

நானே போடுகிறேன் என்றேன். வேறு யாரையும் தொட விட மாட்டேன் என்றுகூடச் சொன்னேன்.

சனிக்கிழமை பேனல்கள் ஏறின, பேட்டரியும் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் போனது. ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பூஜை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று என் மனைவி அவசரப்படுத்தினாள். வேன் காலையிலிருந்தே வெயிலில் நின்றது. பேட்டரி நிரம்பிவிட்டிருந்தது, அதற்கு மேலும் மின்சாரம் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் குமிழிகள் வெடிக்கும் மெல்லிய சத்தம் எனக்குக் கேட்டது. இருபத்தைந்து வருடமாகக் கேட்கிற சத்தம்.

“ப்பா, ஓட்டை போட்டாச்சா?”

“பூஜை முடியட்டும்மா. புது வண்டில மொதல்ல ஓட்டையா போடுவாங்க?”

உண்மையில் டிரில்லிங் மெஷினைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் சாஸ்திரத்தைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

அவள் வேன்மேல் ஏறி பேனல்களின் சட்டத்தில் பொட்டு வைத்தாள். “கண்ணாடியில வெச்சா நெழல் விழும்மா” என்று அம்மாவிடம் விளக்கினாள். பிறகு உள்ளே வந்து, கட்டில் பலகையையும் பெட்டி மூடியையும் தூக்கி, பேட்டரிக்கும் குனிந்து ஒரு பொட்டு வைத்தாள். நான் இன்ஜினுக்கும் ஸ்டியரிங்குக்கும் காட்டிய சூடத்தோடு அவள் பின்னால் வந்து நின்றேன். யாரும் என்னைக் காட்டச் சொல்லவில்லை. இது இத்தனை தூரம் என் பெண்ணைக் காப்பாற்றப் போகிறதே என்று எனக்கே தோன்றியது. தட்டை நீட்டினேன்.

“ப்பா!” என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு நேரம் கிடைத்தது.

லாரி டயர் வெடித்ததுபோல் சத்தம். பேட்டரியின் மேல்பகுதி சில்லு சில்லாகச் சிதறியது. அவள் கழுத்தில், இடது கையில், மூக்குக்கண்ணாடியில் எல்லாம் அமிலம். என் மனைவிதான் அந்த வேனின் டாங்கிலிருந்தே குழாயை இழுத்து அவள்மேல் தண்ணீரைப் பாய்ச்சினாள். நான் அணைந்துபோன தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருவள்ளூர் மருத்துவமனையில், கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது என்றார்கள்.

பார்க்க வந்த உறவினர்கள், “பெரிசா வரவேண்டியது இத்தோட போச்சு, திருஷ்டி கழிஞ்சுது” என்றார்கள். நான் தலையாட்டினேன். கழுத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்த என் மகள் என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

காயம் ஆறியதும் அவளே ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, லித்தியம் பேட்டரி பொருத்திக்கொண்டாள். எனக்குச் சொல்லவில்லை. நான் ஷிப்டில் இருந்த ஒரு பகலில் கிளம்பிப் போய்விட்டாள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததாகவும், சூடம் ஏற்றவில்லை என்றும் மனைவி சொன்னாள். அன்று முழுக்க நான் அந்த ‘நெருப்பு கூடாது’ பலகையைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தேன்.

இப்போது தினமும் காலையில் ‘பேட்டரி எவ்ளோம்மா?’ என்று அனுப்புகிறேன். ஓர் எண் வருகிறது. 91. 87. அதை வைத்து, அவள் இருக்கும் இடத்தில் வெயிலா மேகமா என்று யோசித்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். நேற்று 38 என்று வந்தது. மழையா என்று கேட்டேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை. இன்று காலை 44.

எந்த ஊர் என்பது அவள் அம்மாவுக்குத் தெரியும்.