வேலை கிடைத்துவிட்டது

சோறு சமைத்துப்போட ஒரு ஆள் வேண்டும் என்றுதான் இராசமலரையும் கணவன் யோகலிங்கத்தோடு சாம்பியாவுக்கு அனுப்பினார்கள்.

“யோகன் தண்ணி கொதிக்க வைக்கவும் தெரியாதவன். நீயும் கூடப் போ பிள்ளை,” என்றாள் மாமியார் வடிவம்மா. இராசமலர் பட்டதாரி. விசுவமடுப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவள். வேலையை விட்டுவிட்டுப் பெட்டி கட்டினாள்.

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. வெளிநாட்டு மிளகாய் கப்பலில் வந்து இறங்கத் தொடங்கிய பிறகு விசுவமடு மிளகாயை ஏறெடுத்துப் பார்ப்பார் இல்லை. யோகலிங்கம் தோட்டத்தை நம்பியிருந்தவன். கூடவே தண்ணீர்ப் பம்பு திருத்துவதில் கெட்டிக்காரன். லுசாக்காவில் ஆசிரியராக இருந்த அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் அப்புத்துரை, ஒரு கம்பனியில் மெக்கானிக் வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தார். இவர்கள் போய் இறங்கிய கிழமைதான் அந்தக் கம்பனி தன் பட்டறையை மூடியது.

அப்புத்துரை வீட்டில் ஒரு அறை கொடுத்தார். யோகலிங்கம் தினமும் காலையில் சப்பாத்தைத் துடைத்து, கழுத்தில் இரவல் ரை கட்டி, சான்றிதழ்க் கோவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்படுவான். பின்னேரம் செம்மண் புழுதியோடு திரும்புவான். “என்ன சொன்னவங்கள்?” என்று இராசமலர் கேட்பாள். “சிரிச்சுக் கதைச்சவங்கள்,” என்பான் அவன். நாலு மாதமாக ஊரே அவனோடு சிரித்துக் கதைத்தது.

அங்கே அரிசி மாவும் இல்லை, தேங்காயும் இல்லை. இராசமலர் வெள்ளைச் சோள மாவில் பிட்டு அவித்து, தேங்காய்ப்பூவுக்குப் பதிலாக நிலக்கடலையை இடித்துப் போட்டாள். வாயில் வைக்க முடியவில்லை. யோகலிங்கம் பால்மாத் தகரப் பேணியில் ஆணியால் ஓட்டை போட்டு, மாவை முதலில் வறுத்து, தானே ஒருநாள் அவித்துப் பார்த்தான். அப்புத்துரை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு நாள் நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் பட்டறை ஆசிரியர் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு இருவருமாகப் போனார்கள். அவள் வாசல் மாமரத்தடியில் நிற்க, அவன் மட்டும் உள்ளே போனான். அந்த வேலைக்கு முதல்நாளே ஆள் எடுத்தாயிற்று. தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். தேநீர் கொடுத்து, கணக்கு ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் இரண்டு தவணையாகச் சும்மா இருக்கிறார்கள் என்று தன் குறையைச் சொன்னார்.

யோகலிங்கம் தேநீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தான்.

“மலர், உள்ளுக்கு வாரும்! உமக்குத்தான் வேலை!”

“எனக்கோ? உங்களுக்கென்ன விசரே? சீலையெல்லாம் புழுதி!”

“கணக்குக்குப் புழுதி தெரியாது. வாரும்!”

தலைமை ஆசிரியர் அவளை நேரே வகுப்புக்கே கூட்டிப்போனார். ஐம்பது பிள்ளைகள். முக்கோணம் என்பதை அவள் ஆங்கிலத்தில் உச்சரித்த விதத்துக்கு வகுப்பே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்வரிசை வாங்கில் இருந்த ஒருத்தி சரியான உச்சரிப்பைச் சொல்லிக்கொடுக்க, இவள் திருப்பிச் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள். பிறகு அவள் வெண்கட்டியை எடுத்தாள். மணி அடித்தபோது கரும்பலகையில் இடமில்லை. நாளைக்கும் வருவீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். “எட்டு மணிக்கு வருவார்,” என்று வாசலில் நின்ற தலைமை ஆசிரியர் பதில் சொன்னார்.

பள்ளிக்கூடம் ஒரு சின்ன வீடும் கொடுத்தது. யோகலிங்கம் குசினியையும் அடுப்பையும் பொறுப்பெடுத்தான். ஊருக்குக் கடிதம் எழுதுவதுதான் சங்கடமாக இருந்தது. கடைசியில் இராசமலர் எழுதினாள்: “அன்புள்ள மாமிக்கு, வேலை கிடைத்துவிட்டது. சுகமாக இருக்கிறோம்.”

“வேலை ஆருக்கு எண்டு எழுதேல்லையே?” என்றான் அவன்.

“மாமி கேக்கட்டும், சொல்லுவம்.”

வடிவம்மா கேட்கவில்லை. மகன் ஆபிரிக்காவில் பெரிய எஞ்சினியர் என்று விசுவமடு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

எண்பத்தொன்று மார்கழியில் அவர்கள் லீவில் வந்தபோது முற்றம் நிறையச் சனம். கதிரை போதாமல் அயலிலும் இரவல் வாங்கியிருந்தாள் வடிவம்மா. பக்கத்துக் காணி வீரகத்தியர் தொண்டையைச் செருமினார்.

“தம்பி, அங்க உமக்கு என்ன மாதிரி வேலை?”

இராசமலர் நிலத்தைப் பார்த்தாள்.

“காலமை எழும்பித் தேத்தண்ணி போடுவன், அண்ணை. பிறகு பிட்டு. மலர் பள்ளிக்கூடம் போனாப் பிறகு உடுப்புத் தோய்ப்பன். மத்தியானத்துக்குக் கறி வைப்பன். அவாதான் ரீச்சர்.”

வடிவம்மா மருமகளைப் பார்த்தாள்.

“இவன் சமைச்சு நீ சாப்பிடுறனியே?”

“ஓம் மாமி. என்னிலும் நல்லாச் சமைப்பார்.”

வடிவம்மா எழும்பினாள். “அப்ப வா தம்பி, குசினிக்கு. அதையும் பாப்பம்.”

வடிவம்மா அடுப்படியில் காவல் நிற்க, யோகலிங்கம் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தான். அவள் உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கினாள். “உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு,” என்றாள். பிறகு ஒரு சாப்பாட்டுக் கோப்பை நிறையச் சோறு போட்டு, அந்தக் கறியை அள்ளி ஊற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

“என்ர மருமகள் ஆபிரிக்காவில கணக்கு ரீச்சர், தெரியுமே?” என்று, எல்லாருக்கும் தெரிந்துவிட்ட சங்கதியைப் புதிதுபோலச் சொல்லத் தொடங்கினாள்.

லீவு முடிந்து திரும்பிப் போன அந்த வருடமே யோகலிங்கத்துக்கு ஒரு கரும்புத் தோட்டத்தில் பம்பு திருத்தும் வேலை கிடைத்தது. அவன் துள்ளிக் குதித்தான். இராசமலருக்கும் சந்தோசம்தான். ஆனால் அவன் வேலைக்குப் போன முதல்நாள் பள்ளியால் வந்து, ஆறிக் கிடந்த அடுப்பைப் பார்த்தபோது, அந்தக் கரும்புத் தோட்டக்காரன் இன்னும் ஒரு வருசம் பொறுத்திருக்கக்கூடாதா என்றுதான் அவளுக்குத் தோன்றியது.