இரண்டு கையையும் தூக்கினால்

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கடலிலிருந்து திரும்பி, கார் கூரைமேல் கட்டியிருக்கும் தோணியை அவிழ்த்துக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "எனி லக்?" என்று கேட்பார். தோணி பழக ஆரம்பித்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. நாமக்கல்லில் லக் என்றால் லாட்டரிச் சீட்டு. "நான் வாங்குவதில்லை சார்" என்று ஒருமுறை பணிவாகச் சொல்லிவைத்தேன். மனுஷன் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மீன் கிடைத்ததா என்பதைத்தான் ஆஸ்திரேலியாவில் அப்படிக் கேட்கிறார்கள். கிடைத்தாலும் ஸ்கேல் வைத்து அளந்து, ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். என் மனைவிக்கு இன்றுவரை இது தாங்கவில்லை. "அளந்து பாத்துட்டு உடறதுக்கு எதுக்குங்க கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போறீங்க?" என்கிறாள்.

நாமக்கல்காரனுக்கும் கடலுக்கும் என்ன ஒட்டு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு ஒட்டும் கிடையாது. முப்பது வயதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் மோகனூர்க் காவிரிதான். அதுவும் பாதி வருஷம் மணல். லாரிப் பட்டறையில் டீசல் பம்ப் மெக்கானிக்காக இருந்தவன், மச்சான் ஒருவர் இங்கிருந்து அனுப்பிய குடியேற்ற விண்ணப்பத்தின் புண்ணியத்தில் எழுபதுகளின் கடைசியில் இந்தச் சின்னத் துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தேன். இங்கே படகு என்ஜின்களுக்குப் பம்ப் பார்க்கிறேன். டீசல் எந்த ஊரிலும் ஒரே நாற்றம்தான் என்பது ஆரம்பத்தில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பட்டறைக்கு அரட்டை அடிக்க வருகிற கீத் என்பவர்தான் எனக்குத் தோணி பழக்கிவிட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர். மனைவி இறந்துபோய்த் தனியாக இருக்கிறார். முழங்கால் இரண்டும் பழுது. கடைத்தெருவில் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிற அந்த மனிதர், தண்ணீரில் உட்கார்ந்துவிட்டால் என்னால் அவரைப் பிடிக்க முடியாது. தன்னுடைய பழைய தோணியை எனக்கே கொடுத்துவிட்டார்.

கயாக் என்று இதற்குப் பெயர். ஒரு ஆள் கால் நீட்டி உட்கார்ந்து இரண்டு பக்கமும் துடுப்புப் போடுகிற ஒடுக்கமான பைபர் கிளாஸ் தோணி. இந்தக் கயாக்காரர்களுக்கும் சார்ட்டர் படகுக்காரர்களுக்கும் இங்கே ஏழாம் பொருத்தம். சார்ட்டர் என்பது நம் ஊர் வாடகை வேன் மாதிரி. மீன் பிடிக்கும் ஆசையில் வருகிற பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நாற்பதடிப் படகு கடலுக்குப் போகும். இரண்டு தரப்புக்கும் மீன் இருக்கிற பாறைத்திட்டு ஒன்றுதான். முதலில் வந்தவருக்கே இடம். ஒருவர் தூண்டில் போட்டிருக்கும் இடத்தின்மேல் இன்னொருவர் ஏறி வரக்கூடாது. சின்னத் தோணியைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். பெரிய படகு போகிற கால்வாயில் சின்னத் தோணி குறுக்கே நிற்கக்கூடாது. எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறினால் கொலைப் பார்வை பார்ப்பார்கள். "நாம் சத்தமில்லாமல் மீனைக் கண்டுபிடிப்போம். நாலு தோணி கூடி நிற்பதைப் பார்த்துவிட்டு டக் வந்து நடுவில் விழுவான்" என்பார் கீத். டக் என்பவர்தான் இங்கே பெரிய சார்ட்டரின் கேப்டன். எங்கள் பட்டறையின் முக்கியமான வாடிக்கையாளரும் அவரே.

நான் கற்ற வழிமுறை வேறு. என் அண்ணன் எழுபதுகளில் லாரி ஓட்டினார். தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து ராசிபுரம் வழியாகச் சேலம் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு லோடு. பம்ப் சரி செய்த வண்டியை ஓட்டிப் பார்க்கிற சாக்கில் நானும் ஏறிக்கொள்வேன். அந்த ரோட்டில் தார் ஒரு வண்டி அகலத்துக்குத்தான் இருக்கும். எதிரே ஒரு வண்டி வந்தால் ஒருவர் மண்ணில் இறங்கியாக வேண்டும். யார் இறங்குவது என்று ஒருநாள் அண்ணனிடம் கேட்டேன். "காலி வண்டிதான் எறங்கோணும் தம்பி. லோடு வண்டி எறங்குச்சுன்னா மறுபடி ஏறாது" என்றார். யார் முதலில் வந்தது என்ற பேச்சே கிடையாது. யார் தலையில் சுமை என்பதுதான் கணக்கு. காலியாக வருகிறவன் வீம்புக்கு நின்று நான் பார்த்ததில்லை.

ஆகவே பாறைத்திட்டில் நானும் கீத்தும் இருந்த ஒருநாள் டக்கின் படகு பன்னிரண்டு பேரோடு வந்தபோது நான் செய்தது எனக்கு இயல்பாக இருந்தது. அவர் லோடு வண்டி, நான் காலி. துடுப்பைப் போட்டு ஒதுங்கி, வாருங்கள் என்று கையும் காட்டினேன். டக் வந்து எங்கள் இடத்திலேயே நங்கூரம் போட்டார். கீத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டார். தோணியைப் படகு இறக்கும் சரிவில் இழுத்துப் போட்ட பிறகுதான், "உனக்கு அவனிடம் பயமா?" என்று கேட்டார். மரியாதை என்றேன். "யாருக்கு?" என்றார். லோடு வண்டி, காலி வண்டி எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது ரோடு. இங்கே நீ நகர்ந்தால் இனி எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அடுத்த முறை நகர்வதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த முறை டக் எங்களுக்கு முன்னாலேயே கொஞ்சம் வடக்கே தள்ளி நங்கூரம் போட்டிருந்தார். கீத் பாறையின் மறுபக்கம் போய்விட்டார். நான் தெற்கே தூண்டில் போட்டு நாலு மீன் எடுத்தேன். அதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் நங்கூரக் கயிறு நீள நீள, நீரோட்டத்தில் அந்தப் படகின் பின்பக்கம் என்னை நோக்கி நழுவி வர ஆரம்பித்தது. ரிவர்ஸில் வருகிற லாரி போலவே இருந்தது. ரிவர்ஸில் வருகிற லாரியின் பின்னால் நின்று எத்தனை ஆயிரம் முறை கை காட்டியிருப்பேன்! துடுப்பை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழுமாக அசைத்தேன். மெதுவா, மெதுவா, போதும், நிறுத்து.

டக் ஒரு கணம் பார்த்தார். படகின் பின்புறம் இருந்தவர் அதன் முன்பக்கத்துக்கு ஓடினார். என்ஜின் உறுமியது. படகு அப்படியே திரும்பி என்னைப் பார்த்துப் பாய்ந்து வந்தது. மெதுவாகப் போ என்றால் இப்படி வருகிறானே, கொல்லவே வருகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். இன்னும் பலமாகக் கையை ஆட்டினேன். இன்னும் வேகமாக வந்தார். ஆட்ட ஆட்ட வேகம் கூடியதே தவிர குறையவில்லை. கடைசியில் அவர் என்ஜினைப் பின்னோக்கித் திருப்பி நிறுத்தியபோது எழும்பிய அலையில் என் தோணி கவிழ்ந்தது. நாலு மீனும் போன வழி தெரியவில்லை. கொக்கிக் கம்பு போட்டு என்னை மேலே இழுத்துப் போட்டார்கள்.

நடந்தது இதுதான். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து மெல்ல மேலும் கீழும் அசைப்பது, கடலில் உலகம் பூராவும் ஒரே பொருள் கொண்ட சைகையாம். நான் ஆபத்தில் இருக்கிறேன், காப்பாற்று. எனக்கு அது அப்போது தெரியாது. தளத்தில் என்னை உட்கார வைத்துக் கம்பளி போர்த்தி, பன்னிரண்டு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். டக் என் முன்னால் மண்டியிட்டு, "ஒன்றுமில்லை, இனி பயமில்லை" என்று என் முதுகைத் தேய்த்தார். "ஸ்லோ, ஸ்லோ சொன்னேன்" என்றேன் பல் தந்தியடிக்க. "ஆமாம், மெதுவாக மூச்சு விடு" என்றார். எல்லோருடைய மீன்பிடிப்பும் அதோடு முடிந்தது. கரைக்குத் திரும்பினோம்.

விஷயம் அங்கே நிற்கவில்லை. "கயாக்குகள் வெளிக்கடலுக்குத் தகுதியற்றவை. இன்று காப்பாற்ற நான் இருந்தேன், நாளைக்கு யார் இருப்பார்கள்?" என்று டக் துறைமுகக் கமிட்டியில் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கயாக்குகளை அந்தச் சரிவில் இறக்கவே தடை போடலாம் என்று பேச்சு வந்தது. இந்த ஊரில் கடலுக்கு வேறு சரிவு கிடையாது. கீத் என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே, "நடந்ததைச் சொல்லு. வேறொன்றும் வேண்டாம்" என்றார். பட்டறை முதலாளியோ, "டக்குக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடு" என்றார். நான் ஆபத்தில் இருந்தேன் என்றால் கீத்துக்குக் கடல் இல்லை. ஆபத்தில் இல்லை என்றால், என்னைக் காப்பாற்ற வந்த மனிதரை ஊர் நடுவில் முட்டாளாக்க வேண்டும்; என் வேலையும் ஆடும்.

மூன்று நாள் கழித்துக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். என் ஆங்கிலம் போதாத இடத்தில் கையால் செய்து காட்டினேன். ரிவர்ஸில் வரும் லாரியையும் காட்டினேன். சிலர் சிரித்தார்கள். டக் சிரிக்கவில்லை. "சரி, உங்கள் ஊரில் உதவி வேண்டுமென்றால் எப்படிக் கை காட்டுவீர்கள்?" என்று கேட்டார்.

ஒருமுறை அண்ணனின் வண்டி அச்சு முறிந்து வளைவில் நின்றது நினைவுக்கு வந்தது. கிழங்கு மூட்டைகள் சரிந்து பாதித் தாரை அடைத்திருந்தன. நான் நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் மேலும் கீழும் அசைத்தேன். வந்த ஒவ்வொரு வண்டியும் மெதுவானது. மெதுவான ஒவ்வொரு டிரைவரும் தலையை வெளியே நீட்டி, "என்னங்க ஆச்சு? ஏதாச்சும் வேணுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். கேட்காமல் ஒருவர்கூடப் போகவில்லை. "உதவிக்கென்று எங்களிடம் தனிச் சைகை கிடையாது. மெதுவாகப் போ என்போம். மெதுவாகப் போகிறவர் தானாகக் கேட்பார்" என்றேன். யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

சரிவை மூடவில்லை. கயாக்குகளில் ஆரஞ்சுக் கொடி கட்ட வேண்டும், சார்ட்டர்கள் அவற்றிலிருந்து ஒரு கூப்பிடு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று. கீத் என் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார். கார் நிற்கும் இடத்தில் டக் எனக்காகக் காத்திருந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "அன்றைக்கு நங்கூரத்தை இழுக்க நேரமில்லை. கயிற்றை வெட்டிவிட்டு வந்தேன். நீ செத்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன்" என்றார். மன்னிக்கச் சொன்னேன். "அது போகட்டும். இனி நீ கையைத் தூக்கினால் நான் ஒரு கணம் யோசிப்பேன். கடலில் யோசிக்க வைக்கக்கூடாது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் என்னை வெட்கப்பட வைத்தது. மறுவாரம் வழக்கம்போலப் பம்ப்பை எங்கள் பட்டறைக்கே கொண்டுவந்தார். அன்றிலிருந்து தண்ணீரில் நான் கையைத் தோளுக்கு மேல் தூக்கியதே இல்லை. கொசு கடித்தால்கூடத் தலையைக் குனிந்து துடுப்பில் தேய்த்துக்கொள்வேன்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் இப்போது லாரி ஓட்டுவதில்லை, தன் மானாவாரிக் காட்டைப் பார்க்கிறார். பறித்த கொள்ளுக்கொடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். லாரிகள் ஏறிப்போனால் மணி உதிர்ந்துவிடும். ஆனால் மெதுவாக ஏற வேண்டும், இல்லாவிட்டால் மணியெல்லாம் பள்ளத்துக்குத் தெறித்துவிடும். தம்மம்பட்டிப் பக்கமிருந்து ஒரு லாரி வேகமாக வந்தது. "தம்பி, கையக் காட்டு" என்றார் அண்ணன் ஓரத்திலிருந்து. நடு ரோட்டுக்குப் போனேன். இரண்டு கையையும் விரித்தேன். பாதி உயரத்துக்கு வந்து நின்றுவிட்டன. மேலே தூக்கவும் முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சைகை, என் அண்ணன் சொல்லிக்கொடுத்த சைகை, எனக்கு வரவில்லை.

கொடி புரட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் என் பக்கத்தில் வந்து, "ஏனுங்க சாமி, கை நோவுதுங்களா?" என்று கேட்டுவிட்டு, தானே இரண்டு கையையும் விரித்து ஆட்டினார். லாரி வேகம் தணிந்து ஊர்ந்து வந்தது. எங்கள் அருகில் வந்ததும் டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம், "அவருக்கு என்னங்க ஆச்சு? ஏதாச்சும் வேணுங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க, வெளிநாட்டுக்காரருங்க. கை காட்டத் தெரியல" என்றார் அவர்.

லாரி கொள்ளின்மேல் மெதுவாக ஏறிப் போயிற்று. என் கைகள் இன்னும் அந்தப் பாதி உயரத்திலேயே இருந்தன. அந்த உயரத்துக்கு அங்கேயும் அர்த்தம் இல்லை, இங்கேயும் அர்த்தம் இல்லை.