வயிறு தள்ளிய சுவர்

யுத்த காலத்தில் தூத்துக்குடிக்குக் கப்பல் வருவது குறைந்துபோனது. ஏற்றுமதிக்கு வைத்திருந்த உப்பு கிட்டங்கியிலேயே கூரை முட்டக் குவிந்து கிடந்தது. அப்பா அந்தக் கிட்டங்கிக்கு இரவுக் காவல். அதன் பின்சுவரோடு ஒட்டிக் கட்டிய ஒற்றை அறையில் நாங்கள் குடியிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு. இந்தப் பக்கம் என் கட்டில்.

கட்டில் நடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா அதைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுவாள். சில வாரங்களில் அது சுவரை ஒட்டியிருக்கும். மறுபடி இழுப்பாள், மறுபடி ஒட்டும். ஒருநாள் கட்டிலை விட்டுவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தாள். நடுவில் பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி புடைத்திருந்தது.

மத்தியானத்தில் தெருச் சத்தம் அடங்கியதும் சுவருக்குள் நெறுநெறுவென்று கேட்கும், தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல. காதை வைத்தால் நின்றுவிடும்.

“உள்ள யாரோ இருக்காப்பா” என்றேன்.

“இருந்தா இருக்கட்டும்ல. வாடகை குடுக்கானான்னு கேளு” என்று அப்பா சிரித்தார்.

உப்பளத்தில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, வந்து பார்த்தபோது சிரிக்கவில்லை. “போன மழையில கூரை ஒழுகியிருக்கு அத்தான். நனைஞ்ச உப்பு இறுகிப் பாறையாயிரும். ஆனா பாறை மாதிரி சும்மா நிக்காது. தன் பாரத்துல மெள்ள மெள்ள உக்காரும். உக்காந்தா பக்கத்துல தள்ளும்.”

“தள்ளட்டும், நானும் தள்ளுதேன்” என்றார் அப்பா.

ஆனாலும் அன்றே கிட்டங்கிக் கணக்குப்பிள்ளையிடம் போய், சுவரோரத்து உப்பை வெட்டி எடுக்கச் சொல்லிக் கேட்டார். “ஏலே, உப்புக்குக் கால் முளைச்சிருக்கா? பயமா இருந்தா வீட்டைக் காலி பண்ணு. காவலுக்கு வேற ஆளு வருவான்” என்று பதில் வந்தது. சாத்தான்குளத்தில் இருந்த தன் பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்று அம்மா அழுதாள்.

“ஏளா, அங்க போயி எதத் திங்க?” என்றார் அப்பா.

இரவில் நானும் அம்மாவும் வாசலில் படுத்துக்கொள்வோம். பகல் வெயிலில் அது முடியாது; மத்தியானத்தில் மூவரும் உள்ளேதான் படுக்க வேண்டும். அப்பா என் கட்டிலை எதிர்மூலைக்கு மாற்றினார். அம்மாவின் பாயும் அங்கேயே போனது. தன் பாயைச் சுவரோரம் விரித்து, அந்தப் புடைப்பில் முதுகை ஒட்டிப் படுத்தார். “இங்கனதான் குளுமையா இருக்கு” என்றார். உண்மைதான். உப்பின் ஈரத்தில் சுவர் சில்லென்றிருக்கும். ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது, அவருக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து படுத்தேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை. தூக்கிக் கட்டிலில் போட்டார். நான் அவரோடு பேசுவதை விட்டேன்.

சில நாள் கழித்து, சாயங்காலம் நாங்கள் மூவரும் கிணற்றடியில் இருந்தபோது சுவர் விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தோம். செங்கற்களெல்லாம் அறைக்குள் சரிந்து கிடந்தன. உப்பு மட்டும் விழவில்லை. வெள்ளையாக, செங்குத்தாக, கூரைவரை நின்றது. எங்கள் சுவரின் ஒவ்வொரு கல்லும், கல்லுக்கு நடுவே இருந்த ஒவ்வொரு கோடும் அதில் பதிந்திருந்தன. கூடிய ஆட்களில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

அப்பாவின் பாய் செங்கற்களுக்கு அடியில் கிடந்தது. ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உப்பைப் பார்த்தேன். நடுவில் சுவர்கூட இல்லை, இனி அந்த இடம் இன்னும் குளுமையாக இருக்கும், அதையும் அப்பா எனக்குத் தரமாட்டார் என்று நினைத்து, அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் நின்றேன்.