கிரிவலப் பாதை வழியாக வியன்னா விசா

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர்கள். அவர்களுடைய பாஸ்போர்ட், விசா நகல்களை வாங்கி, இணையத்தில் போலீசுக்குத் தகவல் கொடுப்பது என் வேலை. இத்தனை பேருடைய விசாவைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன், என் பாஸ்போர்ட்டில் மட்டும் ஒரு முத்திரைகூடக் கிடையாது. போன மாதம் வரை.

ஹெல்கா வியன்னாவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பல வருடங்களாகக் குளிர்காலத்தில் எங்கள் மாடியில்தான் இருப்பார். இந்த முறை, நவம்பர் நடுவில் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை என்றார். தனியாக வாழ்கிறவர். "நான் வர முடியாது, நீ வந்து என்னோடு தங்குகிறாயா?" என்று போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். பக்கத்திலிருந்த என் கணவர் பஷீர், "விசா என்ன உங்க வீட்லயா அடிக்கிறாங்க?" என்றார். நான் காதில் வாங்கவில்லை. பனியைப் பார்க்கப் போகிறேன் என்று அன்றே தலைகால் புரியவில்லை.

எனக்காக ஹெல்கா தன் ஊர்க் காவல் நிலையத்துக்குத் தடியூன்றிப் போய், செலவுக்குத் தானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு, என் விண்ணப்பத்தில் குறிப்பிட ஒரு எண் வாங்கி அனுப்பினார். அவர் இங்கே வந்தால் நான் போலீசுக்குத் தெரியப்படுத்துவேன். இப்போது அவர் முறை.

சென்னை விசா மையத்தில் நேரம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. ஐந்து வாரம் கழித்துத்தான் இடம் இருந்தது. அதன்பின் விசா கைக்கு வருவதற்குள் அறுவை சிகிச்சையே முடிந்து, ஹெல்கா தனியாக வீடு திரும்பியிருப்பார். தினமும் தளத்தைத் திறந்து பார்த்ததில், யாரோ ரத்து செய்த இடம் ஒன்று திடீரென்று தெரிந்தது. நாளை மறுநாள், மதியம் இரண்டரை. கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்தேன்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் டீக்கடைக்காரர் பந்தல் போட ஆரம்பித்தபோதுதான் பஷீர் கேட்டார்: "ஏம்மா, நாளைக்குப் பௌர்ணமி ஆச்சே?"

பௌர்ணமியன்று டிக்கெட் போடாதீர்கள் என்று மாடிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் படித்துப் படித்துச் சொல்கிறவள் நான். மலையைச் சுற்றும் பாதை எங்கள் வாசலில்தான் போகிறது. அன்றைக்கு அதில் சைக்கிள்கூட விடமாட்டார்கள். சென்னை பேருந்து ஊருக்கு அந்தப் பக்கம், திண்டிவனம் சாலைத் தற்காலிக நிலையத்திலிருந்துதான் கிளம்பும். அதாவது ஏழு கிலோமீட்டர் நடை. பஷீர் சிரிப்பை அடக்கியதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதிகாலை நாலரைக்கு முக்காட்டை இறுக்கிக்கொண்டு, விசா காகிதங்கள் வைத்த பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்தபடி கூட்டத்தில் இறங்கினேன். அரை மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர்கூட நகரவில்லை. எனக்குப் பக்கத்தில் மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மா, ஏழெட்டுப் பெண்களோடு செருப்பில்லாமல் நடந்து வந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள்.

"இன்னாங்க, கைல எதையோ கொழந்த மாதிரி புடிச்சினு வரீங்க?"

சொன்னேன். ஹெல்காவின் இடுப்பிலிருந்து இரண்டரை மணி வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதற்றத்தில் எனக்கு வாய் ஜாஸ்தியாகிவிடும்.

"அந்தம்மாவுக்குப் புள்ளைங்க இல்லியா?"

"இல்லீங்க."

அவ்வளவுதான். அவர் முன்னால் போய்விட்டார். "கொஞ்சம் ஒதுங்குங்கமா, இவங்க ஆஸ்பத்திரி வேலையா போறாங்க, பஸ்ஸப் புடிக்கணும்!" விசா என்று சொல்லியிருந்தால் யாரும் ஒதுங்கியிருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முன்னும் பின்னும் அந்தப் பெண்கள் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். திண்டிவனம் சாலை பிரியும் இடத்தில் மூச்சு வாங்க நின்று, "கெடச்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கூட்டம் அவர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஏழு மணிப் பேருந்து, செஞ்சி வழியாகக் கிளாம்பாக்கம், கட்டணம் நூற்று எழுபது ரூபாய். பன்னிரண்டேகாலுக்கு இறங்கி டாக்சி பிடித்தேன். ஒன்றரைக்கு மைய வாசலில் நின்றபோது குதிக்க வேண்டும் போலிருந்தது. உள்ளே கைரேகை, போட்டோ, காகிதங்கள். திரும்பி வருவதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது வீட்டு வரி ரசீதையும் பஷீரின் கடை உரிமத்தையும் நீட்டினேன். பதினைந்தாம் நாள் பாஸ்போர்ட் கூரியரில் வந்தது. தொண்ணூறு நாள் விசா. வீட்டுக்குள் இரண்டு சுற்று ஓடினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கட்டணம் தொண்ணூறு யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கே விண்ணப்பியுங்கள். அதே விசாவில் பக்கத்து நாடுகளுக்கும் போகலாம். வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ரயிலில் ஒரு மணி நேரம்தான், ஹெல்கா நடக்கத் தொடங்கியதும் போவதாகத் திட்டம். லண்டன் மாதிரி அந்த விசா செல்லாத இடத்துக்குப் போய்த் திரும்ப நினைத்தால், பலமுறை நுழையும் அனுமதி கேளுங்கள். விமான டிக்கெட்டுக்கு முதலில் முன்பதிவுத் தாள் போதும், விசா வந்தபின் வாங்கினால் நல்லது. பதிவு செய்யும் முன் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நான் இன்னும் டிக்கெட் வாங்காமல் இருந்தேன். ஐப்பசி பௌர்ணமியன்று பாஸ்போர்ட்டோடு மாலை ஆறு மணியிலிருந்து எங்கள் கேட்டில் நின்றேன். "லட்சம் பேர்ல யாரத் தேடுற?" என்றார் பஷீர். எனக்கே அந்த முகம் சரியாக நினைவில்லை. எட்டு மணி வாக்கில், நான் பார்க்காத பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"இன்னாங்க, கெடச்சிதா?"

விரித்துக் காட்டினேன். "போட்டோவுல மொறைக்கிறீங்களே" என்றார். பெயர் வள்ளியம்மாவாம். தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "எப்ப வருவீங்க?" என்றார்.

"தை மாசங்க."

"அப்ப தைப் பௌர்ணமிக்கு இங்கயே நில்லுங்க. அந்தம்மா நடந்தாங்களானு வந்து கேக்கறேன்."

அன்று இரவே டிக்கெட் வாங்கினேன். திரும்பி வருவது தைப் பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்னதாக.