தொட்டியில் விழுந்த காசு

அந்த பாரில் எல்லோரும் அவரைக் கைகாரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கையால் கிளாஸை நிரப்பிக்கொண்டே, மறு கையில் இருந்த காசை மாயமாக்கி, எதிரே உட்கார்ந்தவர் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தருவார். முதலாளி ஒன்றும் தர்மப் பிரபு இல்லை. வேகமாக ஊற்றுகிற இளவட்டங்கள் இருக்கும்போது, இந்த வித்தைக்காகத்தான் அவரை வைத்திருந்தார்.

ஆனால் வருஷக்கணக்காக ஐஸை அள்ளி அள்ளி விரல்கள் மரத்துப்போய்விட்டன. உள்ளங்கையில் காசு இருக்கிறதா இல்லையா என்பதே தெரிவதில்லை. மனைவியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. வெந்நீர்க் குழாயில் கையைக் காட்டி, பாழாய்ப்போன விரல்களைத் திட்டிவிட்டு வந்து நிற்பார்.

அன்று எதிரே வக்கீல் உட்கார்ந்திருந்தார். கைகாரரின் குட்டை உடைப்பதற்கென்றே தினமும் வருகிற மனிதர்.

"இன்னைக்கு உங்களை விடப்போறதில்லண்ணே," என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கல்லாவிலிருந்து முதலாளியும் எட்டிப் பார்த்தார்.

கைகாரர் விரல்களை மூடினார். காசு நழுவி, கிளாஸ் கழுவும் தொட்டியில் 'டங்' என்று விழுந்தது. பாட்டுச் சத்தத்தில் முதலாளிக்குக் கேட்டிருக்காது. வக்கீலுக்குக் கேட்டது.

கைகாரர் வெறுங்கையை மூடியபடியே வைத்திருந்தார். சிரிக்கட்டும், மானத்தை வாங்கட்டும், தாங்கிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வக்கீல் தொட்டியிலிருந்து சட்டென்று கண்ணை எடுத்தார். முதலாளி பக்கம் திரும்பிப் பலமாகக் கைதட்டினார்.

"அடேயப்பா! காசு எங்க போச்சுன்னே தெரியலையே!"

கைகாரர் வழக்கம்போல் குனிந்து வணங்கினார். நிமிரத்தான் முடியவில்லை.