அண்ணா நகராத குளிர்காலம்

அம்மாவைக் கேட்டால் அது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு நடந்தது என்பார். அண்ணாவைக் கேட்டால் ஞாபகமில்லை என்று பேச்சை மாற்றுவான். இருவருக்கும் எதிராக என்னிடம் ஒரு சான்று இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் பங்குக் கோவில் கொடுத்த சுவர் நாட்காட்டி அது. எனக்கு அப்போது பத்து வயது. நாளுக்கொரு கட்டமாக இருந்த அந்தத் தாளில் பென்சிலால் அன்றன்று நடந்ததை எழுதி வைப்பேன். பெரும்பாலும் மழை, பல்வலி, சோதனைப் புள்ளிகள். குருத்து ஞாயிறுக்கு முதல் நாள் சனிக்கிழமையில் மட்டும் எழுத்து கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் ஓடியிருக்கிறது: 'அண்ணா இடிச்சுப் போட்டான். இரத்தம்.'

அதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு சோடிச் சப்பாத்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அம்மா லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் ஒரு சின்னோராவின், அதாவது ஒரு இத்தாலிய எசமானியின், வீட்டில் வேலை செய்தார். சின்னோராவின் மூத்த மகன் படிக்க மிலானோவுக்குப் போனபோது விட்டுச் சென்ற சக்கரச் சப்பாத்தை, அண்ணாவுக்கென்று கொடுத்துவிட்டார் சின்னோரா. வடிவு கெடாதிருக்க இரண்டு நுனிகளிலும் செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருந்தார்கள். சப்பாத்து அண்ணாவுக்கு இரண்டு அளவு பெரிது. அதனால் அம்மா அந்தக் காகிதத்தை எடுக்க விடவில்லை. சின்னோராவின் இளைய மகன் விளையாடிய ஹாக்கிக் குழுவிலேயே அண்ணாவும் சேர்ந்தான். பலெர்மோவில் பனித்தரை கிடையாது. சிமெந்துத் தரையில் சக்கரத்தில் ஓடி, மட்டையால் ஒரு கறுப்பு வட்டைத் தள்ளி விளையாடுவார்கள். பயிற்றுநர் மட்டும் வடக்கே மலைப்பக்கத்து மனிதர். இளமையில் உண்மையான பனியில் சம்பளத்துக்கு விளையாடியவர்.

பதினைந்து வயதுக் குளிர்காலத்தில் அண்ணா வளர்ந்த வேகம் என்னைப் பயமுறுத்தியது. அக்டோபரில் வலது சப்பாத்தின் காகிதம் வெளியே வந்தது. டிசம்பரில் இடது. கதவு நிலையில் தலை முட்டத் தொடங்கியது. ஓட்டத்தில் மந்தம்தான், ஆனால் கோலுக்கு முன்னால் நின்றால் அவனை நகர்த்த ஆளில்லை என்று பயிற்றுநர் கண்டுபிடித்தார். அண்ணா அங்கே நிற்கமாட்டான் என்பதுதான் சிக்கல். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்த முதல் ஒழுங்கு ஒதுங்குவது. பஸ்ஸில் ஒதுங்கு, படிக்கட்டில் ஒதுங்கு, பொலிஸ்காரர் தெரிந்தால் கதையை நிறுத்திவிட்டு ஒதுங்கு. யாராவது தோளால் முட்டினால் அண்ணா 'ஸ்கூஸி' என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விலகிவிடுவானாம். பயிற்றுநர் இரண்டு மாதம் அந்த ஒரு சொல்லோடுதான் மல்லுக்கட்டினார்.

கனடாவிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னார்: "அண்ணை, உவன் பவர் ஃபோர்வேட்டா வருவான். இஞ்சை உப்பிடி ஆக்களைத்தான் தேடுறாங்கள்." பெரிய உடம்போடு முன்வரிசையில் நின்று, தடுப்பவர்களை இடித்துக்கொண்டு கோலுக்குள் நுழைகிறவனுக்கு அங்கே அப்படிப் பெயர். அப்பா கேட்டது ஒன்றுதான். "இடிச்சுப்போட்டு ஆரிட்டை அடி வாங்கிறது?"

சித்தப்பா ஒரு வீடியோ கசெட்டும் அனுப்பினார். கனடாக் கசெட் எங்கள் பெட்டியில் நிறத்தோடு ஓடவில்லை. படம் கறுப்பு வெள்ளையாக நடுங்கி, மேலிருந்து கீழே உருண்டுகொண்டேயிருந்தது. அந்த நடுக்கத்துக்குள் பென்னம்பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் கண்ணாடிச் சுவரில் அறைந்தார்கள். பனியில் விழுந்த இரத்தம் மையைப்போலக் கறுப்பாக இருந்தது. நான் விரல் இடுக்கால் பார்த்தேன். அண்ணா கண் வெட்டாமல் பார்த்தான்.

பிறகு ஒரேத்தோத் தெருவில் எங்கள் வீட்டு ஒடுங்கிய நடையில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவான். "வாடி, தள்ளு. முழுப் பெலத்தையும் போடு." நான் முதுகைக் கொடுத்தும் தலையைக் கொடுத்தும் தள்ளுவேன். "இவ்வளவுதானோ? சோறு தின்னேல்லையோ?" என்று மேலேயிருந்து குரல் வரும். டிசம்பரில் கொஞ்சம் அசைந்தவன் பெப்ரவரியில் அசையவேயில்லை. கை வைத்த இடத்தில் அண்ணா இல்லை, வேறு யாரோ நிற்பதுபோல இருக்கும். ஒருநாள் பாதியில் அழுதுவிட்டேன். ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

மார்ச்சில் வடக்கிலிருந்து ஒருவர் வருகிறார் என்ற செய்தி வந்தது. சம்பளத்துக்கு விளையாடும் ஒரு பனி ஹாக்கிக் குழு, வளர்கிற பையன்களைக் கோடையில் அழைத்துப் பழக்கும். அதற்கு ஆள் பார்க்க அவர் வருவார், பிடித்தவர்களிடம் ஒரு படிவம் தருவார், அதில் தகப்பன் கையொப்பம் வைக்க வேண்டும். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "முதல்ல தரட்டும்" என்றார். அண்ணா அதை ஓம் என்றே எடுத்துக்கொண்டான்.

அம்மாவின் யோசனை வேறு. ஜூனில் எங்கள் நால்வருடைய பெர்மெஸ்ஸோவும் முடிகிறது. தங்குவதற்கான அந்தத் தாளைக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் புதுப்பிக்க, அம்மாவுக்கு வேலை இருக்கிறதென்று சின்னோரா கடிதம் தர வேண்டும். சின்னோராவின் இளைய மகனோ குழுவில் தடுப்பாளன். குழுவை இரண்டாகப் பிரித்து ஆடும்போது அண்ணாவுக்கு நேர் எதிரே நிற்பவன்.

"அவரிலை மட்டும் கை வைச்சிடாதை, தம்பி."

"கை வைக்கக் கூடாதம்மா. தோள்தான்."

"தோளும் வேண்டாம்."

அதைப் பார்த்துக்கொள்ளத்தான், வடக்கிலிருந்து ஆள் வந்த அந்தச் சனிக்கிழமை என்னை அனுப்பினார். விளையாட்டுத் திடல் சின்னோராவின் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தது. அம்மா அங்கே வேலையில் இருப்பார். ஏதும் நடந்தால் ஓடி வந்து சொல்ல வேண்டும் என்பது கட்டளை.

இரண்டு வருடமாகப் பார்த்ததில் எனக்கு ஒரு விதி தெரியும்: உடம்பால் இடித்தால் குற்றம், விசில் ஊதி வெளியே அனுப்புவார்கள். அன்று வடக்கத்தியாருக்காகப் பனி விதிப்படி விளையாடுகிறார்கள், இடிக்கலாம் என்பது வேலிக்கு வெளியே நின்ற எனக்குத் தெரியாது. அண்ணா கோலுக்கு முன்னால் நின்றான். சின்னோராவின் மகன் அவன் முதுகில் மட்டையை வைத்து நெம்பினான், இடுப்பில் முட்டினான், காதுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தான். அண்ணா நகரவில்லை. நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீ நில், நின்றால் போதும் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

வட்டு சின்னோராவின் மகனிடம் போனது. அவன் திரும்பி ஓடினான். அண்ணா தோளைத் தாழ்த்திக்கொண்டு அவனை நோக்கிப் போனான். கசெட்டில் கேட்ட அதே சத்தம். பையன் மல்லாந்து விழுந்து கிடந்தான். வாயிலிருந்து வந்தது கறுப்பு இல்லை, சிவப்பு. அண்ணா அவனைத் தாண்டிக் கோலை நோக்கிப் போய்விட்டான். விசிலும் ஊதவில்லை. எல்லோரும் உறைந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன். யாரோ கை தட்டினார்கள். அதற்குள் நான் ஓடத் தொடங்கிவிட்டேன்.

அம்மா இஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தார். சின்னோரா வெளியே போயிருந்தார். "அண்ணா இடிச்சுப் போட்டான். அவர் எழும்பேல்லை" என்றேன்.

"வேணுமெண்டோ இடிச்சவன்?"

"ஓம்."

அம்மா கையிலிருந்த சட்டையை முடித்து, மடித்து, மற்றவற்றின் மேல் வைத்தார். பிளக்கைக் கழற்றினார். திடலுக்குப் போவோம் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக, பஸ் தரிப்புக்கு நடந்தார். வழியெல்லாம் அந்தப் பிடி வலித்தது.

அண்ணா ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வந்தான். படிக்கட்டில் இரண்டிரண்டாகப் பாய்ந்து வருவது கேட்டது. கதவைத் திறந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. கையில் நாலாக மடித்த ஒரு தாள். அம்மா அழுதுகொண்டிருப்பதைக் கண்டதும் சிரிப்பு அப்படியே நின்றது.

"அம்மா, அவன் எழும்பீட்டான். எனக்குக் கை தந்தவன். இண்டைக்குப் பனி றூல்ஸ், இடிக்கலாம்."

"என்ன றூல்ஸ்? எங்களுக்கு ஒரே றூல்ஸ்தான். ஒதுங்கிப் போறது."

"சொண்டைத்தான் பல்லாலை கடிச்சவன், அவ்வளவுதான் இரத்தம்."

"ஜூனிலை கடிதம் ஆர் தாறது? நீ தருவியோ?"

அண்ணா என்னைப் பார்த்தான். நான் நாட்காட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் தாளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான்.

மறுநாள் குருத்து ஞாயிறு. நான் அறிய எங்கள் வீட்டில் எவரும் பூசைக்குப் போகாத ஒரே குருத்து ஞாயிறு அதுதான். சின்னோராவின் ஆட்கள் கோவிலில் கண்டுவிடுவார்கள் என்று அம்மா பயந்தார். படியில் காலடி கேட்கும்போதெல்லாம் பொலிஸ் என்று நான் கட்டிலுக்கு அடியில் போனேன். தொலைபேசி இரண்டு முறை அடித்தது. அப்பா எடுக்கவில்லை. ரிசீவரின் மேல் கையை வைத்துக்கொண்டு, அது ஓயும்வரை நின்றார். சின்னோராதான் என்று எல்லோரும் நம்பினோம். அது பயிற்றுநராக இருக்கலாம் என்று அண்ணாவுக்கு மட்டும் தோன்றியிருக்க வேண்டும். அவன் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை அம்மா இருபது றோல்ஸ் சுட்டார். அண்ணாவைச் சப்பாத்தைத் துடைத்து எடுத்துவரச் சொன்னார். மன்னிப்புக் கேட்டு, கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலில் விழவும் ஆயத்தமாக நாங்கள் மூவரும் லிபெர்த்தாவுக்குப் போனோம். லிப்ட்டில் ஏறினோம். அம்மா கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியைச் சரி செய்துகொண்டிருந்தார். அண்ணா காற்சட்டைப் பையிலிருந்து, அப்பாவிடம் காட்டவேயில்லாத அந்தத் தாளை எடுத்தான். இன்னும் இரண்டு முறை மடித்து, வலது சப்பாத்தின் நுனிவரைக்கும் விரலால் தள்ளினான்.

கதவைத் திறந்தது சின்னோராவின் மகன். மேலுதடு வீங்கியிருந்தது. அண்ணாவைக் கண்டதும் தோளால் அவனை ஒருமுறை இடித்தான். அண்ணா ஒதுங்கி, "ஸ்கூஸி" என்றான். பையன் சிரித்தான். பகிடி என்று நினைத்திருப்பான். நின்ற நிலையிலேயே ஒரு றோல்ஸை எடுத்து, வாயின் மற்றப் பக்கத்தால் மென்றுகொண்டு, சனிக்கிழமை வருவாய்தானே என்று கேட்டான். அண்ணா அம்மாவைப் பார்த்தான். பிறகு இல்லை என்றான்.

சின்னோரா சப்பாத்தைக் கையில் வாங்கி, "கால் வளர்ந்துவிட்டதா?" என்று கேட்டார். அம்மா ஓம் என்று தலையாட்டினார். பெரிய பையன், இனிப் படிப்பில் கவனம் வேண்டும், அதுவும் நல்லதுதான் என்று சின்னோரா சொல்லிவிட்டு, சனிக்கிழமை ஏன் சொல்லாமல் போனாய், உடம்பு சரியில்லையா என்று அம்மாவிடம் பரிவாகக் கேட்டார். கதை அவ்வளவுதான். ஜூனில் கடிதமும் கிடைத்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா இரண்டு நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அண்ணா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் அந்தப் பெரிய உடம்பைக் குறுக்கிக் குறுக்கி வழி விட்டான். பழைய அண்ணா திரும்பி வந்துவிட்டான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. கொடுக்கும்போதுகூட வந்தபடியே, நுனியில் காகிதம் வைத்துத்தான் கொடுத்தான், எவ்வளவு ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தத் திங்கட்கிழமைக் கட்டத்தில், கோட்டைத் தாண்டாமல், சின்ன எழுத்தில் எழுதினேன்: 'சப்பாத்துக் குடுத்தாச்சு, காகிதத்தோடை. இனிப் பயமில்லை.'